கயிறு கட்டிய சவரக்கத்தி

ஓர் ஓவர்லாக் மிஷின் வாங்கும் காசுக்கு நான் ஒரு சவரக்கத்தி வாங்கினேன். மிஷினாக வாங்கியிருந்தால் அது வருடக்கணக்கில் சட்டைகளுக்குத் தோள் இணைத்துக்கொண்டிருக்கும். கத்தி ஒரே ஒரு முகத்தை, அதுவும் வாரத்துக்கு மூன்று நாள், வழித்தது. வழித்த பிறகு அந்த முகம் முன்பைவிடப் பெரிதாகத் தேறிவிட்டதாக யாரும் சொன்னதில்லை.

பார்சலைப் பிரித்தபோது மனைவி பக்கத்தில் இருந்தாள்.

"ஏனுங்க, இத்தனை காசுக்கு வழிச்சு உடற ஆளும் கூடவே வருவாருங்களா?"

"இல்லை. நானேதான் வழிச்சுக்கோணும்."

"அப்ப மொதல்ல பஞ்சு வாங்கி வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். அந்த வாரம் எனக்கு ஒரு கட்டுப் பஞ்சு செலவானது. அதை அவள் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

திருப்பூரில், மண்ணரைக்கு அப்பால் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கும் உள்ளூர் முதலாளிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கும் உத்தியோகத்துக்கு அப்படி ஒரு பெயர். எங்கள் கம்பெனியில் கைக்குழந்தைகளுக்கான உடுப்புகள் மட்டும்தான் தைக்கிறோம். இந்த வேலையில் இருபத்தைந்து வருடம் இருந்தவனுக்கு ஒரு வியாதி வந்துவிடும். எந்தப் பொருளைக் கண்டாலும் மனசு அதைப் பிரித்துப்போட்டு, நூல் இவ்வளவு, கூலி இவ்வளவு, சேதாரம் இவ்வளவு என்று விலை கட்டும். கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் சேலைக்கு விலை கட்டுவேன். சாவு வீட்டில் கோடித்துணிக்கும் கட்டியிருக்கிறேன், மன்னிக்க வேண்டும்.

சவரக்கத்தியிடம் இந்த வியாதி பலிக்கவில்லை. அதனால்தான் அதன் பின்னால் இரண்டு வருடம் அலைந்தேன் என்று நினைக்கிறேன்.

மடக்கிவிரிக்கும் பழைய பாணிச் சவரக்கத்தியை இன்றைக்கும் தனியொரு ஆளாகப் பட்டறையில் உட்கார்ந்து செய்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஒரு கத்திக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த உலகத்துக்குள் நான் நுழைந்தது, எல்லா முட்டாள்களையும்போல, அலங்காரத்தின் வழியாகத்தான். நான் வாங்கிய முதல் கத்தியின் அலகு முழுக்க அலையலையாகக் கோலம். முதுகில் ஒரு மயில் செதுக்கியிருந்தது. பிடி முத்துச்சிப்பி. கல்யாணத்துக்குக் கிளம்பிய கத்தி மாதிரி இருந்தது.

இந்தக் கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டும்போது விளிம்பும் முதுகும் ஒரே நேரத்தில் கல்லில் படிய வேண்டும். முதுகின் கனமும் அலகின் அகலமும் சேர்ந்து, விளிம்பு எந்தச் சாய்வில் தீட்டப்பட வேண்டுமோ அதைத் தானே தீர்மானித்துவிடும். தீட்டுகிறவன் எதையும் யோசிக்க வேண்டியதில்லை, கத்தியைக் கல்லின் மேல் படுக்கப்போட்டுத் தள்ளினால் போதும். பயன்படுத்துகிறவனின் புத்தியை இம்மியும் நம்பாத இந்த ஏற்பாட்டை யார் முதலில் யோசித்தார்களோ, அவர்கள் என்னை நேரில் அறிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் முதுகு கல்லில் உரசும் என்றால், அங்கே மயில் எதற்கு? ஒவ்வொரு தீட்டலுக்கும் மயிலின் தோகை கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல்போனது. அது முழுக்க மொட்டையாவதற்குள் தாடி வைத்திருக்கும் ஒரு நண்பருக்குத் தள்ளிவிட்டேன். அவர் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார். மயில் பிழைத்தது.

இரண்டாவது கத்தி என்னுடையது அல்ல. சாயப்பட்டறை வைத்திருக்கும் ஒருவர் வரவழைத்து, "பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கொடுத்துவிட்டுப் போனார். பிடி டைட்டானியம், அதில் வரிசையாக வட்டவட்ட ஓட்டைகள். ராக்கெட்டிலிருந்து கழன்று விழுந்த பாகம்போல இருந்தது. கையில் எடுத்தால் மூக்கு கீழே தொங்கியது. எடையைக் குறைத்திருக்க வேண்டியது அலகில், அவர்கள் குறைத்தது பிடியில். விரித்துப் பிடித்தால், அலகின் பின்பக்கம் நீளும், சுண்டுவிரல் தாங்க வேண்டிய வால் எங்கேயோ அந்தரத்தில் நின்றது. மேலுதட்டுக்கு வருகிறபோது தன் பாரத்தாலேயே கீழே சரியும் கத்தியை வைத்துக்கொண்டு மனிதன் என்ன செய்வான்? மீசை வளர்ப்பான்.

"படத்துல அருமையா வருமுங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

இந்த இரண்டையும் பார்த்த பிறகுதான் மூன்றாவது கத்தியைப் பார்க்க எனக்குக் கண் வந்தது. ஓவர்லாக் மிஷின் காசுக்கு வாங்கியது அதைத்தான். பெட்டியைத் திறந்தபோது ஏமாற்றமாகக்கூட இருந்தது. கோலம் இல்லை, மயில் இல்லை, ஓட்டை இல்லை. கறுப்புக் கட்டையில் பிடி, மங்கலான வெள்ளையில் அலகு. அவ்வளவுதான். பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. பாதி விரித்து, அலகைப் பிடியோடு இணைக்கும் ஆணி இருக்கும் இடத்தில் ஒற்றை விரலில் தொங்கவிட்டால் தராசுபோல நின்றது. மூடும்போது அலகு பிடியின் இரண்டு தகடுகளுக்கும் நட்டநடுவே, எதையும் தொடாமல் போய் உட்கார்ந்தது. அலகின் அடிமூலை கூராக இல்லாமல் மெல்ல வளைந்திருந்தது. அந்த மூலைதான் புதியவர்களின் காதைக் கிழிக்கும் என்று படித்திருக்கிறேன், அனுபவித்தும் இருக்கிறேன். கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் மெல்லிய வரிகள். செய்தவரின் முத்திரையும் அங்கேதான் இருந்தது. கத்தியைப் பிடித்தால் அது விரலுக்கு அடியில் மறைந்துவிடும். பனியனின் நெஞ்சில் பாதியை அடைத்துக் கம்பெனிப் பெயர் அச்சடித்துக் கொடுத்தே பிழைப்பு நடத்தும் ஊர்க்காரனுக்கு, பயன்படுத்தும்போது தன் பெயரை மறைத்துக்கொள்ளும் பொருள் ஓர் அதிசயம்.

பிறகு அதன் சத்தம். மெல்லிய அலகு தாடி மயிரில் ஓடும்போது தணிந்த குரலில் ஒரு ரீங்காரம் எழும். குளியலறைக்கு வெளியே நின்று கேட்ட மனைவி, "உள்ள யாருங்க பேசறது?" என்று கேட்டாள்.

எல்லாம் சரி. ஆனால் எவ்வளவு தாராளமாக விலை கட்டினாலும் கொடுத்த காசில் பாதிகூட வரவில்லை. மீதி எங்கே போனது என்று தெரியாமல் என்னால் எதையும் முழுசாக ரசிக்க முடியாது. வீட்டில் கேட்க ஆள் இல்லை. அதனால் ஒரு திங்கட்கிழமை காலையில் கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு, எங்கள் கம்பெனியின் கட்டிங் மாஸ்டரிடம் காட்டலாம் என்று போனேன். திருப்பூரில் கூரான இரும்பைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் கட்டிங் மாஸ்டரைத்தான் கேட்க வேண்டும். அடுக்கடுக்காகத் துணி விரித்து, அசுர வேகத்தில் மேலும் கீழும் ஓடும் அலகை வைத்துக் குழந்தைச் சட்டையின் கழுத்து வளைவை வெட்டி எடுக்கிற மனிதர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பத்து விரலும் இருக்கின்றன. அந்தத் தொழிலில் அதுவே பெரிய சான்றிதழ்.

அவர் இடது கையில் மாட்டியிருந்த இரும்பு வளையங்கள் பின்னிய கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கத்தியை வாங்கினார். அலகைப் பார்க்கவே இல்லை. காதோரம் வைத்து நாலைந்து முறை திறந்து மூடினார். பிறகு ட்யூப்லைட்டுக்கு நேராக நீட்டி, ஒற்றைக் கண்ணால் நுனியிலிருந்து அடிவரை பார்த்தார்.

"இந்த வெளிச்சக் கோடு பாத்தீங்களா சார்? எங்கியுமே நெளியலீங்க. மிசினு போட்ட கோடு இல்லீங்க இது, கையி. இத்தனை நேரா கையி போகுமான்னா, எனக்குப் போவாதுங்க."

"மாஸ்டர், இரும்பு, கட்டை, ஆணி, ஒரு வாரக் கூலின்னு போட்டாலும் பாதி விலைகூட வரமாட்டேங்குது. மீதி எங்க போச்சு?"

"கீழ போச்சுங்க."

"கீழயா?"

"தேச்சுத் தள்ளுன இரும்புங்க சார். நம்ம தொழில்ல வேஸ்ட் போனா மொதலாளி வைவாரு. இவனுக்கு வேஸ்ட்டுக்குத்தான் காசு. இங்க பாருங்க, ரெண்டு பக்கமும் கிண்ணி மாதிரி குழிச்சு எடுத்திருக்கறான். இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருந்தான்னா ஓட்டை உழுந்திருக்கும். அந்த ஒரு இழுப்பு இழுக்காம உட்டான் பாருங்க, நீங்க குடுத்த காசு அதுக்குத்தானுங்க."

இரண்டு வருடமாகக் கணினித் திரையிலும் புத்தகத்திலும் தேடிக்கொண்டிருந்ததை ஒரு மனிதர் டீ குடிக்கிற நேரத்தில் சொல்லிவிட்டார். இருப்பதற்கு விலை கட்டத்தான் எனக்குத் தெரியும். எடுத்துத் தள்ளியதற்கும், எடுக்காமல் நிறுத்தியதற்கும் என் தாளில் கட்டமே கிடையாது. நான் கத்தியைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கம்ப்ளையன்ஸ் பார்க்கும் பெண் ஓடிவந்தாள்.

இந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து, சட்டையில் நூல் பிசிறு வெட்டும் வேலைக்கு வந்தவள். வேலை பார்த்துக்கொண்டே தபாலில் படித்து, இப்போது கம்பெனியின் விதிமுறைகளுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. அதில் முக்கியமான விதி, கூரான கருவிகளைப் பற்றியது. எங்கள் கம்பெனிக்குள் கத்தரிக்கோல், பிசிறு வெட்டும் ட்ரிம்மர், சின்ன பிளேடு, எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரு எண் உண்டு. வெள்ளைக் கயிற்றால் மேஜையோடு கட்டியிருக்க வேண்டும். காலையில் எண்ணிக் கொடுத்து, மாலையில் எண்ணி வாங்கிப் பூட்டுவார்கள். தையல் ஊசி உடைந்தால் அத்தனை துண்டுகளையும் தேடி எடுத்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் கட்டி வைத்த பெட்டிகளையெல்லாம் பிரித்துத் தேட வேண்டும். வெளியாட்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். மூன்று மாதக் குழந்தையின் சட்டைக்குள் ஊசிமுனை போனால் என்ன ஆகும் என்று ஒருமுறை நினைத்துப் பார்த்தால் வேடிக்கை நின்றுவிடும்.

இதையெல்லாம் சரிபார்க்கப் பையர் அனுப்பும் ஆடிட்டர் செய்த போன தணிக்கையில், பேக்கிங் மேஜைக்கு அடியில் கயிறில்லாத ஒரு ட்ரிம்மர் அகப்பட்டது. இன்னொரு முறை அப்படி அகப்பட்டால் ஆர்டரை வேறு கம்பெனிக்கு மாற்றிவிடுவோம் என்று பையர் எழுதிவிட்டார். ஆர்டர் போனால் அவள் வேலையும் போகும் என்று முதலாளி எழுதவில்லை, வாயால் சொல்லியிருந்தார்.

"சார், ஆடிட்டர் வந்துட்டாரு. சொல்லாம கொள்ளாம வந்திருக்காரு. கேட்லருந்து நேரா கட்டிங்குக்குத்தான் வாராரு..." என்றவள் மாஸ்டர் கையைப் பார்த்தாள். "இது என்னது சார்?"

"என்னுடையதும்மா. சவரக்கத்தி."

"சவரக்கத்தியா? கம்பெனிக்குள்ளயா? நீங்களா சார்?"

மூன்று கேள்விகளில் மூன்றாவதுதான் வலித்தது. அந்த விதியை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி, எல்லாச் சுவரிலும் ஒட்ட வைத்தவனே நான்தான்.

கத்தியை வாங்கிச் சட்டைப்பையில் போடப் போனேன். அவள் தலையை அசைத்தாள். வாசலில் ஆடிட்டர் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றக் குனிந்தார்.

"பைக்குள்ள போட்டா ஒளிச்சது ஆயிரும் சார். குடுங்க இங்கன."

மேஜை இழுப்பறையிலிருந்து வெள்ளைக் கயிறு வந்தது. எங்கே கட்டுவது என்று ஒரு கணம் தேடினாள். கத்தியின் வால் வளைவில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். நழுவவில்லை. அந்த வளைவு சுண்டுவிரலுக்காகச் செய்தது. கயிற்றையும் அது அதே மரியாதையோடு தாங்கியது. ஒரு சிறு தகட்டில் நாற்பத்தெட்டு என்று எழுதி மாட்டினாள். ரிஜிஸ்டரில், கருவி: லேபிள் பிரிக்கும் கத்தி, பிரிவு: சாம்பிள், பொறுப்பு: நான். எல்லாம் ஆடிட்டர் செருப்பைக் கழற்றி, தலைக்கு வலைத்தொப்பி மாட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

ஆடிட்டர் சென்னைக்காரர். மெதுவாகப் பேசுகிறவர், அதனாலேயே பயமாக இருந்தது.

"இது என்ன டூல்மா? புதுசா இருக்கே."

"லேபிள் பிரிக்க சார்." சொல்லும்போது அவள் விரல்கள் ரிஜிஸ்டரின் ஓரத்தை மடக்கிக்கொண்டிருந்தன.

"பிரிச்சுக் காட்டுங்க."

நான் மாஸ்டரைப் பார்த்தேன். மாஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. அளவு லேபிள் மாற்றித் தைத்துவிட்ட குழந்தைச் சட்டைகள் பக்கத்தில் ஒரு குவியலாகக் கிடந்தன. சாதாரணமாக அதைப் பிரிப்பது பெரும்பாடு. பனியன் துணியில் ஒரே ஒரு நூல்கண்ணி அறுந்தால் போதும், துவைக்கத் துவைக்க அது ஓட்டையாகும். பத்துச் சட்டை பிரித்தால் குறைந்தது இரண்டு பாழாகிவிடும்.

மாஸ்டர் ஒரு சட்டையை எடுத்துக் கழுத்துப் பக்கத்தை விரல்மேல் விரித்தார். கயிறு எட்டும் தூரத்துக்குள் குனிந்துகொண்டார். அலகின் நுனியை லேபிளுக்கும் துணிக்கும் இடையே படுக்கவிட்டு, அழுத்தாமல், கத்தி தன் கனத்தில் தானே போகட்டும் என்பதுபோல ஒரே ஒரு தடவை இழுத்தார். மெல்லிய ஒரு சத்தம் வந்தது, என் குளியலறையில் கேட்கும் அதே குரல், ஆனால் இன்னும் சன்னமாக. லேபிள் அவர் உள்ளங்கையில் விழுந்தது. சட்டையை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். ஒரு கண்ணிகூட அறுபடவில்லை.

பாலியஸ்டர் நூலை அறுத்தால் விளிம்பு என்னவாகும் என்று எனக்குள் ஒரு மூலை கதறியது உண்மைதான். மற்ற மூலைகளெல்லாம் கைதட்டின. இத்தனை நாளும் என் தாடியை வழித்து அந்தக் கத்தியை அவமானப்படுத்திக்கொண்டிருந்தேனோ என்று தோன்றியது.

"இன்னொண்ணு பண்ணுங்க" என்றார் ஆடிட்டர். மாஸ்டர் ஆறு சட்டை பிரித்தார். ஆறும் தப்பித்தன. ஆடிட்டர் கத்தியை, கயிற்றை, தகட்டை, மூன்றையும் தனித்தனியாகப் படம் எடுத்துக்கொண்டார். மத்தியானம் கொடுத்த அறிக்கையில், தணிக்கை தேறியது, நாற்பத்தெட்டாம் எண் கருவி நல்ல நடைமுறை, அடுத்த மாதம் மறுபார்வையில் அதன் உபயோகப் பதிவைக் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. முதலாளி எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

ஐந்தரை மணிக்கு, எல்லாக் கருவிகளையும் எண்ணி வாங்கும் நேரத்தில், என் கத்தியை வாங்கிக்கொள்ளப் போனேன். அவள் ட்ரிம்மர்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அதை அவிழ்த்துக் கொடுத்துடறீங்களா?"

எண்ணுவதை நிறுத்தவில்லை. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று ஒரு வரிசை முடிந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"எப்படி சார் தர? உங்க பேர்ல எழுதுன கருவி. வெளிய போனா காணாமப் போனதுன்னு எழுதணும். காணாமப் போனதுன்னு எழுதினா இன்னிக்குக் கட்டுன பெட்டி பூராவும் பிரிக்கணும்."

"உடைஞ்சு போச்சுன்னு எழுதிட்டா?"

ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கங்களைத் திருப்பிக் காட்டினாள். வரிசையாக டேப்புக்கு அடியில் உடைந்த ஊசிகள், முனை தனியாக, காம்பு தனியாக.

"உடைச்சுக் கொண்டாங்க சார். எல்லாத் துண்டையும் கொண்டாங்க. ஒட்டிக்கிடுதேன்."

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. நான் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

"சார், ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. இந்த நோட்டுல நான் இதுவரைக்கும் பொய் எழுதினதில்ல. அன்னைக்கு ட்ரிம்மர் கெடச்சப்பகூட, கயிறு கட்ட விட்டுட்டேன்னுதான் எழுதுனேன். அதுக்குத்தான் அவ்வளவு ஏச்சும் வாங்குனேன். இன்னைக்கு உங்களுக்காக ஒண்ணு எழுதிட்டேன். அது பொய்யா நெசமான்னு எனக்கு இன்னும் தெரியல. அடுத்த மாசம் அவர் வந்து அந்தக் கத்தி எங்கன்னு கேட்டா, பதில் சொல்லப்போறது நான்தான்."

முதலாளிக்கு ஒரு போன் போட்டால் போதும். "குடுத்துரு கண்ணு" என்று அவர் ஒரு வார்த்தை சொல்வார், கத்தி என் பைக்கு வந்துவிடும். போன் என் கையில்தான் இருந்தது. அவளுக்கும் அது தெரிந்திருந்தது. அதனால் போனைப் பார்க்காமல் மீதி ட்ரிம்மர்களை எண்ண ஆரம்பித்தாள். முப்பத்தி மூன்று, முப்பத்தி நாலு.

மேஜைமேல் கத்தி மூடியபடி கிடந்தது, வாலில் கயிறு, கழுத்தில் தகடு. அப்படியும் அழகாகத்தான் இருந்தது. கறுப்புக் கட்டைமேல் வெள்ளைக் கயிறு எடுப்பாகவே இருந்தது என்று சொன்னால் என்னைப் பைத்தியம் என்பீர்கள். வீட்டில் மனைவி என்ன சொல்வாள் என்று யோசித்துப் பார்த்தேன். பஞ்சுச் செலவு மிச்சம் என்பாள்.

"பேனா குடும்மா" என்றேன். ரிஜிஸ்டரில், கம்பெனி உபயோகத்துக்கு ஒப்படைத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உபயோகிப்பவர் என்ற இடத்தில் மாஸ்டரின் பெயரை அவள் எழுதிக்கொண்டாள். அதுவரை தூரத்தில் துணி மடிப்பதுபோல நின்றிருந்த மாஸ்டர் பக்கத்தில் வந்தார்.

"கூர் மழுங்குனா நானே தீட்டிக்கறனுங்க சார். முதுகும் வாயும் ஒண்ணாக் கல்லுல படியோணும், அத்தனைதானுங்களே?"

"அத்தனைதான் மாஸ்டர்."

ட்ரிம்மர்களை வைக்கும் பெட்டியில் குழிவெட்டிய ஸ்பாஞ்சுப் பலகை இருக்கும். கத்திக்கு அதில் இடம் இல்லை. அவள் ஒரு துண்டுப் பலகையை எடுத்து, பென்சிலால் கத்தியைச் சுற்றி வரைந்து, அதே வடிவத்தில் குழி வெட்டி உள்ளே பொருத்தினாள். வால் வளைவுக்குக்கூட இடம் விட்டு வெட்டினாள். பிறகு ஒரு வெள்ளை அட்டையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இதுக்குப் பராமரிப்பு என்ன சார்? எழுதிப்போடணும்."

"வேலை முடிஞ்சதும் துடைச்சு ஈரமில்லாம வைக்கணும். வாரத்துக்கு ஒருதரம் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. மூடும்போது விளிம்பு பிடியில படக் கூடாது."

ஒவ்வொன்றையும் எழுதினாள். எழுத்து குண்டு குண்டாக, அழகாக இருந்தது.

"அலகை விரலால தொடக் கூடாதுன்னு போடட்டுமா சார்?"

"போடும்மா. கை ஈரத்துக்குத் துரு புடிச்சுரும்."

"பயிற்சி எடுத்தவங்க தவிர வேற யாரும் எடுக்கக் கூடாது. இதையும் போடணும், ஆடிட்டர் எழுதியிருக்காரு." பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "அப்ப நீங்களும் எடுக்க முடியாதே சார்."

"நானும்தான்" என்றேன்.

அவள் அதையும் எழுதி, அட்டையைப் பெட்டியின் மூடியில் உள்பக்கமாக ஒட்டினாள்.